மொசாம்பிக் திலாப்பியாவா, நைல் திலாப்பியாவா? கரையிலேயே பிரித்தறிய முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் வெருலம் பக்கத்து ஹேசல்மியர் அணைக்கரையில் சனிக்கிழமை காலைகளில் யாராவது ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். "மாமா, இது நம்ம ஊர் மீனா, வெளியூர் மீனா?" வாளிக்குள் பார்த்தால் மீன் செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். உடம்பு முழுக்க ஒரே சாம்பல் நிறம். வால் துடுப்பு சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மீனைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கும் முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியை ஒரே ஒரு விதியின்மேல் அமைத்திருக்கிறேன். எந்த அடையாளம் முதலில் மறையுமோ அதை முதலில் பாருங்கள். நிறம் சில நிமிடங்களில் போய்விடும். துடுப்பு சில மணி நேரத்தில் கிழியும், சுருங்கும். செவுளும் முள்ளும் மறுநாள் சமையலறையிலும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் தடுமாறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஜிலேபி கெண்டை என்று முதலில் பெயர் வாங்கிய மீன் மொசாம்பிக் திலாப்பியா. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்து ஆறுகளில் அது மண்ணின் மைந்தன். நைல் திலாப்பியா இந்த நாட்டுக்கு மனிதர் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே நீரில் இருந்தால் கலந்து குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சுகளும் இனம் பெருக்கும். லிம்போபோ ஆற்றுப் பகுதியில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. மொசாம்பிக் திலாப்பியா இன்று உலகச் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்று இருப்பதற்கு இந்தக் கலப்புதான் பெரிய காரணம். எந்த அணையில் எது இருக்கிறது என்று சரியாகச் சொல்லக்கூடிய கண்கள் கரையில் கூடுதலாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கிளம்புமுன் எடுத்து வைக்க வேண்டியவை

குவாசுலு-நட்டாலில் நன்னீர்த் தூண்டிலுக்கு எசம்வெலோ வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை பிளாஸ்டிக் பலகை ஒன்று, ஈரத்துணி, 30 செ.மீ. ஸ்கேல், போன், பென்சில், சின்ன நோட்டு. வெள்ளைப் பலகையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. புல்லின்மேலோ மண்ணின்மேலோ வைத்து எடுத்த படத்தில் வால் கோடுகள் பின்னணியோடு கலந்துவிடும். பேனாவை விடப் பென்சில் நல்லது, ஈரத்தில் எழுத்து கரையாது.

சமைக்க எடுத்துப் போகிறீர்கள் என்றால் ஐஸ் போட்ட கூலர் பாக்ஸ், சின்னக் கத்தரிக்கோல், பல்குத்தும் குச்சி, ஒரு பூதக்கண்ணாடி. இவை வீட்டு வேலைக்கு.

ஒரு எச்சரிக்கை. இந்த மாகாணத்தின் தேங்கிய நீரில், தோல் வழியாக உடம்பில் புகும் பில்ஹார்சியா நோய்க்கிருமி உண்டு. மீனை நனைக்க வேண்டுமென்றால் வாளியில் நீர் மொண்டு நனையுங்கள், முழங்கால் நீரில் இறங்கி நிற்காதீர்கள். ஜோசினி அணைக்குப் போகிறவர்கள் நீர்விளிம்பில் குனிந்து மீன் பார்க்கவே கூடாது. அங்கே முதலை உண்டு.

2. உயிரோடு இருக்கும்போதே நான்கு படங்கள்

மீன் தூண்டிலிலிருந்து வந்ததும் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். காய்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். திரும்ப விடப்போகும் மீன் என்றால் அந்தக் காயத்தில் பூஞ்சை பிடிக்கும்.

ஈரப் பலகையில், தலை உங்கள் இடது கைப்பக்கம் வரும்படி படுக்க வையுங்கள். எல்லாப் படமும் ஒரே பக்கமாக இருந்தால் பின்னால் ஒப்பிடுவது எளிது. முதல் படம் முழு உடம்பு, ஸ்கேலோடு. இரண்டாவது, வால் துடுப்பை விரலால் விசிறிபோல விரித்து, கிட்டத்திலிருந்து. மூன்றாவது, முதுகுத் துடுப்பைத் தூக்கிப் பிடித்து அதன் மேல் விளிம்பு தெரியும்படி. நான்காவது தொண்டையும் மார்பும். அந்த நான்காவது படத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், பாதிச் சந்தேகம் தீர்வதோ அதில்தான்.

இத்தனை அவசரம் எதற்கு? இந்த மீன்கள் தோலிலுள்ள நிறமிச் செல்களை விரிக்கவும் சுருக்கவும் கூடியவை. பயந்த மீன் கறுத்துப் பட்டை காட்டும், சில நிமிடத்தில் அதே மீன் வெளிறிப் போகும். என்னோடு மீன் பிடிக்கும் ஒரு பெரியவர் இரவெல்லாம் பையில் கிடந்து கறுத்துப்போன பெண் மீனைக் கொண்டுவந்து, "கறுப்பா இருக்கு பாரு, ஆண் மொசாம்பிக்" என்று சாதித்தார். அந்தக் கறுப்பு செத்தபின் வந்தது. வயிற்றை அறுத்தபோது உள்ளே முட்டைப் பை இருந்தது.

படத்தில் கட்டைவிரல் வாலை மறைக்கிறதா என்று மீனை விடுமுன் போனில் ஒருமுறை பாருங்கள். மறைத்தால் மறுபடி எடுங்கள். மீன் காற்றில் இருக்கும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

3. முதலில் தூரத்துச் சொந்தங்களை ஒதுக்குங்கள்

கரையில் எல்லாவற்றுக்கும் 'பிரீம்' அல்லது 'குர்ப்பர்' என்ற ஒரே பெயர்தான். அந்தப் பெயருக்குள் குறைந்தது ஐந்தாறு இனங்கள் ஒளிந்திருக்கின்றன. மொசாம்பிக்கா நைலா என்று நேராகக் கேட்டு ஆரம்பித்தால், இரண்டும் இல்லாத மீனுக்கும் இரண்டில் ஒரு பெயரை வைத்துவிடுவீர்கள். அதனால் ஒதுக்கும் வேலை முதலில்.

செம்மார்புத் திலாப்பியா: ஆங்கிலத்தில் ரெட்பிரெஸ்ட் என்பார்கள். உடம்பு அகலம், நெற்றி செங்குத்தாக இறங்கும். தொண்டையும் மார்பும் சிவப்பு. வால் துடுப்பின் மேல்பாதியில் மங்கலான புள்ளிகள், கீழ்ப்பாதி மஞ்சள் அல்லது சிவப்பு. வாலின் இரண்டு பாதியும் இரண்டு விதமாக இருந்தால் இந்த மீனை நினையுங்கள். முதுகுத் துடுப்பின் பின்பகுதி அடியில் ஒரு கறும்பொட்டு இருக்கும், பெரிய மீனிலும் பல சமயம் மறையாது.

வரித் திலாப்பியா: சின்ன மீன். உள்ளங்கை நீளம் இருந்தாலே பெரியது. உடம்பில் 7 முதல் 9 வரை செங்குத்துப் பட்டைகள். இதற்கும் துடுப்பில் கறும்பொட்டு உண்டு.

குட்டி வாய்க்காப்பான்: இன்னும் சிறியது, விரல் நீளம். வால் வட்டமாக முடியும். ஆணுக்குக் குதத் துடுப்பின் நுனியில் ஆரஞ்சுப் பொட்டு. குதத் துடுப்பு என்பது வயிற்றடியில், கழிவு வாய்க்குப் பின்னால் இருக்கும் ஒற்றைத் துடுப்பு. இந்த வார்த்தை பின்னாலும் வரும்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. துடுப்பில் கறும்பொட்டைக் கண்டதும் "செம்மார்பு" என்று எழுதிவிடுவார்கள். மொசாம்பிக், நைல் குஞ்சுகளுக்கும் அதே பொட்டு உண்டு, வளர வளர மறையும். 7, 8 செ.மீ.க்குக் குறைந்த மீனில் பொட்டை நம்பவே நம்பாதீர்கள். நான் அந்த அளவுக் குஞ்சுகளுக்கு இனப்பெயரே எழுதுவதில்லை. 'திலாப்பியாக் குஞ்சு' என்று எழுதிவிட்டு நகர்கிறேன்.

4. வாலைப் படியுங்கள்

ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிட்டோம். இனிக் கையில் இருப்பது மொசாம்பிக்கும் நைலும் அடங்கிய ஓரியோக்ரோமிஸ் பேரினம். மொசாம்பிக்கும் நைலும் பிரியும் முதல் இடம் வால்.

வளர்ந்த நைல் திலாப்பியாவின் வால் துடுப்பில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் இருக்கும். வால் அடியிலிருந்து விளிம்பு வரை, மேலிருந்து கீழ் வரை, ஒழுங்காக, அடுத்தடுத்து. கைத்தறிச் சேலைக் கரையில் இழை ஓடுவதுபோல என்று நான் சொல்லிக்கொடுப்பது வழக்கம். மொசாம்பிக்கின் வாலில் அந்த ஒழுங்கு இருக்காது. வெறுமையாக அல்லது மங்கலாக இருக்கும், வளர்ந்த மீனில் விளிம்பு சிவந்திருக்கும்.

சொல்ல இது எளிது. பிழைகள் எங்கே வருகின்றன என்றால்:

வாலை விரிக்காமல் பார்ப்பது. மடிந்த துடுப்பில் துடுப்புக் கதிர்களே கோடுபோலத் தெரியும். கதிர்கள் உடம்பிலிருந்து விளிம்பை நோக்கிக் கிடையாக ஓடுகிறவை. நைலின் கோடுகள் அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறவை. விரித்துப் பிடித்து, கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

புள்ளியைக் கோடு என்று எண்ணுவது. அங்கங்கே நாலைந்து மங்கல் புள்ளிகள் இருந்தால் அது நைல் கோடு ஆகாது. மேலிருந்து கீழ் வரை இடைவிடாமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

உடம்புப் பட்டையை வால் கோட்டோடு குழப்புவது. பயந்தால் இரண்டு இனமும் உடம்பில் பட்டை காட்டும். அதற்கு இங்கே மதிப்பில்லை. மொசாம்பிக் பெண்ணின் பக்கவாட்டில் நடுவரிசையில் இரண்டு முதல் ஐந்து வரை கறுப்புத் திட்டுகள் தெரியலாம், அதுவும் வந்து போகும்.

சின்ன மீனில் முடிவெடுப்பது. ஒரு சாண் அளவாவது இருந்தால் வால் தெளிவாகப் பேசும். அதற்குக் குறைந்தால் 'வால் தெளிவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

5. ஆணா, பெண்ணா என்று பார்த்தபின் நிறம்

நிறத்தைப் படிக்குமுன் பால் தெரிய வேண்டும். வயிற்றடியைத் திருப்பிப் பாருங்கள். ஆணுக்குக் கழிவு வாய், அதன் பின்னால் ஒரே துளையுள்ள கூரான சிறு முனை, ஆக இரண்டு துளைகள். பெண்ணுக்கு மூன்று: கழிவு வாய், முட்டைத் துளை, சிறுநீர்த் துளை. பெண்ணின் துளைகள் சின்னவை, பூதக்கண்ணாடி உதவும்.

பால் எதற்கு முக்கியம் என்றால், இரண்டு இனத்தின் பெண்களும் நிறத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். பெண் மீனின் நிறத்தை வைத்து நேரம் போக்க வேண்டாம். வாலையும் செவுளையும் நம்புங்கள்.

ஆண் மீன் வேறு கதை. வெயில் காலத்தில், அக்டோபரிலிருந்து மார்ச் வரை, மொசாம்பிக் ஆண் கருகருவென்று ஆகிவிடும். தொண்டையும் தலையின் கீழ்ப்பகுதியும் மட்டும் வெள்ளை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் சிவப்பு விளிம்பு. தாடை பெருத்து, உதடு தடித்து, நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் உள்வாங்கிய வளைவு வந்துவிடும். அந்தக் கருமையும் வெண்தொண்டையும் சேர்ந்து நிற்கும் அழகை ஒருமுறை உயிரோடு பார்த்தவர் மறக்க மாட்டார்.

நைல் ஆணுக்குத் தலையிலும் தொண்டையிலும் வயிற்றுப் பக்கத்திலும் சிவந்த சாயல் ஏறும். முதுகுத் துடுப்பின் விளிம்பு சாம்பல் அல்லது கறுப்பு. தாடை அந்த அளவுக்குப் பெருக்காது, முகம் உள்வாங்காது.

இந்தச் சிவப்புதான் பலரைக் கவிழ்க்கிறது. சிவந்த நைல் ஆணைச் செம்மார்பு என்று எழுதியவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். மூன்றாம் படியை ஒழுங்காக முடித்திருந்தால் இது வராது. வால் முழுக்கக் கோடு இருந்தால் அது செம்மார்பு அல்ல.

சில பெண் மீன்கள் வாயை இறுக்கிக்கொண்டு, தொண்டை புடைத்து வரும். உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கும். மொசாம்பிக்கும் நைலும் தாயின் வாயில் குஞ்சு காப்பவை, செம்மார்பும் வரியும் தரையில் முட்டையிட்டுக் காவல் இருப்பவை. வாயில் முட்டை இருப்பதே ஓர் அடையாளம்தான். ஆனால் வாயைத் திறந்து பார்க்காதீர்கள். அதிர்ச்சியில் முட்டையைக் கக்கிவிடும். தொண்டை புடைத்திருப்பதைக் குறித்துக்கொண்டு, படம்கூட எடுக்காமல் உடனே நீரில் விடுங்கள்.

6. செவுளில் எண்ணுங்கள்

இது சமைக்க எடுத்த மீனுக்கு மட்டும். உயிரோடு விடும் மீனின் செவுளைத் தொடவே கூடாது.

வீட்டில் குழம்புக்கு மீன் ஆயும்போது செவுளைத் தூக்கிப் போடாமல் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அக்கா இப்போது கேட்காமலே இடப்பக்கச் செவுளைத் தனியாக வைத்துவிடுகிறார்.

செவுள் மூடியைத் தூக்கினால் சிவப்பு இழைகளோடு வளைந்த எலும்புகள் நான்கு தெரியும். வெளியே இருப்பது முதல் வளைவு. அதை மேலும் கீழும் கத்தரித்து முழுதாக எடுங்கள். நீரில் அலசி வெள்ளைப் பலகையில் வையுங்கள். சிவப்பு இழை ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் சீப்புப் பல்போல வெண்ணிற முட்கள் வரிசையாக நிற்கும். எண்ண வேண்டியது அந்தச் சீப்புப் பற்களை. முதன்முதலில் செய்கிறவர்கள் பாதிப் பேர் சிவப்பு இழையை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வளைவு முழங்கை மாதிரி மடங்கும் இடம் ஒன்று உண்டு. அந்த மடிப்புக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள். பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக விலக்குங்கள். வாய்ப்பக்கம் போகப் போகப் பற்கள் சிறுத்து மொட்டுபோல ஆகிவிடும். அவற்றை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. விட்டால் எண்ணிக்கை இரண்டு மூன்று குறையும், நைல் மொசாம்பிக்காக மாறிவிடும். இரண்டு முறை எண்ணுங்கள். எண் மாறினால் மூன்றாவது முறை.

மடிப்பின் கீழே 8 முதல் 12 வரை வந்தால் செம்மார்பு அல்லது வரி பக்கம் போங்கள், மூன்றாம் படியில் எங்கோ தவறியிருக்கிறீர்கள். 14 முதல் 20 வரை மொசாம்பிக். 20க்கு மேல் 26 வரை நைல்.

20ஐ ஒட்டிய எண்களில் இரண்டும் உரசும். 16 வந்தால் நிம்மதி, 24 வந்தால் நிம்மதி. 19, 20, 21 வந்தால் அந்த எண் தனியாக எதையும் தீர்க்காது, வாலோடும் முகத்தோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறுவதன் காரணம் தெரிந்தால் மனதில் நிற்கும். நீரில் மிதக்கும் நுண்ணிய பாசியை வடிகட்டித் தின்பதற்கு நெருக்கமான சீப்பு வேண்டும். இலை தழையைக் கடித்துத் தின்னும் செம்மார்புக்கு அது தேவையில்லை.

முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மொசாம்பிக்குக்கும் நைலுக்கும் 15 முதல் 18 வரை ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது.

7. குதத் துடுப்பில் ஒரு சரிபார்ப்பு

குதத் துடுப்பின் முன்பக்கத்துக் கெட்டி முட்கள் எத்தனை? மொசாம்பிக், நைல் இரண்டுக்கும் வழக்கமாக மூன்று. நான்கு இருந்தால், அதுவும் மீன் வடக்கு குவாசுலு-நட்டாலின் கடலோர நீரிலிருந்து வந்திருந்தால், அது கருந்திலாப்பியா என்ற இன்னொரு இனமாக இருக்கலாம். டர்பன் பக்கத்து அணைகளில் மீன் பிடிக்கிறவர்களுக்கு இந்தப் படி அரை நிமிட வேலை.

பிடித்த இடமும் ஒரு துணைச் சான்று. மொசாம்பிக் உப்பு நீரை நன்றாகத் தாங்கும், நைலுக்கு அந்த அளவுக்கு முடியாது. உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூன் பக்கம் கிடைத்த மீன் என்றால் மொசாம்பிக் என்ற வாய்ப்பு கூடும். இடத்தை வைத்து முடிவை உறுதிப்படுத்தலாம், முடிவை இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. 'இந்த அணையில் நைல் கிடையாது' என்ற நினைப்போடு பார்க்கும் கண்ணுக்கு நைல் தெரியாது.

8. ஒத்துப்போகாத மீன்

வாலில் மேல்பாதியில் மட்டும் கோடு. விளிம்பில் சிவப்பு. சீப்புப் பல் 20. முகம் லேசாக உள்வாங்கியிருக்கிறது. இப்படி ஒரு மீன் வந்தால் என்ன எழுதுவது?

'கலப்பாக இருக்கலாம்' என்று எழுதுங்கள். எந்த அடையாளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். கட்டாயப்படுத்தி ஒரு இனப்பெயரில் தள்ளாதீர்கள். தெரியவில்லை என்று எழுதிய ஒரு வரி பின்னால் ஆய்வாளருக்கு உதவும், தவறாக எழுதிய பெயர் அவரை வழிதவற வைக்கும்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கலப்பு மீன் மறுபடி மொசாம்பிக்கோடு சேர்ந்து, அதன் பிள்ளைகளும் சேர்ந்து, சில தலைமுறை போனால் வெளித்தோற்றம் அசல் மொசாம்பிக் மாதிரியே ஆகிவிடும். அப்போது வால், நிறம், செவுள் எதுவும் கைகொடுக்காது. மரபணுச் சோதனைதான் வழி. அதனால் நல்ல அடையாளம் எல்லாம் பொருந்தினாலும் 'மொசாம்பிக் தோற்றம்' என்று எழுதுவதை நான் விரும்புகிறேன்.

ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் முழு மீனும் இருந்தால் அது பண்ணைகளுக்காகக் கலந்து வளர்த்த சிவப்புத் திலாப்பியா. அணையில் கிடைத்தால் எங்கிருந்தோ தப்பியது. படம் எடுத்து இடத்தைக் குறியுங்கள்.

9. குறிப்பும் மாதிரியும்

நோட்டில் தேதி, அணையின் பெயர், கரையின் எந்தப் பக்கம், நீளம், பால், வால், முதுகுத் துடுப்பின் விளிம்பு, சீப்புப் பல் எண்ணிக்கை, முடிவு. முடிவைக் கடைசியில் எழுதுங்கள். முதலிலேயே எழுதிவிட்டால் மற்றக் குறிப்புகள் அதற்கேற்ப வளையும். இதை என் சொந்த நோட்டிலேயே கண்டிருக்கிறேன். 'நைல்' என்று முதலில் எழுதிய பக்கங்களில் வால் கோடுகள் எல்லாம் 'தெளிவு' என்றே இருந்தன, படத்தில் அப்படி இல்லை.

நான்கு படங்களையும் குறிப்பையும், உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றலாம். மீனியல் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். புதிய அணையில் நைல் தோற்ற மீன் கிடைத்தால் மகாண்டாவிலுள்ள தென்னாப்பிரிக்க நீர்வாழ் பல்லுயிர் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். மாதிரி வேண்டும் என்றால் சொல்வார்கள்.

மாதிரி என்பது பெரிய வேலை இல்லை. சமைக்க எடுத்த மீனின் துடுப்பு நுனியில் விரல் நகம் அளவு வெட்டி, சுத்தமான எத்தனால் நிரப்பிய சின்ன பாட்டிலில் போடுங்கள். ஃபார்மலினில் போடாதீர்கள், அது மரபணுவைக் கெடுத்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டை பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள், வெளியே ஒட்டிய மார்க்கர் எழுத்தை எத்தனால் அழித்துவிடும். கத்தரிக்கோலை அடுத்த மீனுக்குமுன் துடைத்து எத்தனாலில் நனையுங்கள்.

நைல் என்று தெரிந்த மீனை உயிரோடு வாளியில் வேறு அணைக்கோ வீட்டுக் குளத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டக் குட்டைகளில் "சும்மா நாலு மீன் விட்டு வைப்போம்" என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். மழை பெருத்தால் அந்தக் குட்டை வழிந்து ஓடையில் சேரும், ஓடை ஆற்றில் சேரும். அந்த மீனைக் கரையிலேயே கொன்று, ஐஸில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி கரைத்துக் குழம்பு வையுங்கள். இடப்பக்கச் செவுளை மட்டும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.